முழங்கால் என்று எழுதிய சீட்டு

தாம்பரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை பார்த்த பிசியோதெரபிஸ்டுகள் சேர்ந்து ஒரு சிறிய சங்கம் வைத்திருந்தோம். அதன் மாதச் சுற்றறிக்கையை எழுதும் வேலை ஐந்து ஆண்டுகள் என்னிடம் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஸ்டென்சில் தாளில் தட்டச்சு செய்து, சானடோரியம் பக்கம் ஒரு கடையில் சைக்ளோஸ்டைலில் பிரதிகள் எடுத்து, மடித்து, தபால்தலை ஒட்டி அனுப்புவேன். யார் எந்த மருத்துவமனையில் சேர்ந்தார், எங்கே பயிற்சி வகுப்பு, அரசுக்கு அனுப்பிய மனு எந்த மேஜையில் கிடக்கிறது, இவ்வளவுதான் அதில் இருக்கும். கடைசிப் பத்தி மட்டும் என் சொந்தச் சரக்கு.

அந்தப் பத்தியில் ஒரே விஷயத்தைத்தான் மாதாமாதம் வேறு வேறு வார்த்தைகளில் எழுதினேன். டாக்டர் சீட்டில் எழுதிய இடத்துக்குக் கரண்ட் வைத்து அனுப்புவது மட்டும் நம் தொழில் இல்லை. நோயாளியைப் படுக்க வைத்து, நாமே மூட்டு மூட்டாக அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொட வேண்டும். சங்கத்தின் முக்கியக் கோரிக்கையும் இதை ஒட்டியதுதான். டாக்டர்களுக்கு இருப்பதுபோல் எங்களுக்கென்று ஒரு கவுன்சில் வேண்டும், நாங்களே பரிசோதிக்கலாம் என்று சட்டத்தில் இருக்க வேண்டும். வெளியே எங்களுக்கு இருந்த பெயர் வேறு. முடிச்சூர் சாலையில் என் கிளினிக்குக்கு யாராவது வழி கேட்டால், "கரண்ட் வெக்கிற அம்மாவா?" என்றுதான் ஆட்டோக்காரர்கள் திருப்பிக் கேட்பார்கள்.

என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சற்றுப் பூசினாற்போன்ற உடம்பு. ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்து இடது முழங்கால் வலிக்கிறது என்றாள். ஒரு வாரம் கடந்தும் வலி போகாததால், எனக்கு நோயாளிகளை அனுப்பிக்கொண்டிருந்த எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே, அவள் சீருடையில் நின்றபடியே இருக்க, முழங்காலை அழுத்திப் பார்த்தார். வளர்கிற வயது, வேறொன்றும் இல்லை என்றார். 'இடது முழங்கால், டயதர்மி, பத்து நாள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். ஃபீஸ் வாங்கவில்லை. வரிசையில் உட்கார வைக்காமல் என் குழந்தையைப் பார்த்ததே எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. சீட்டு எழுதியவர் பார்த்து முடித்த நோயாளியை நாம் மறுபடி பரிசோதிப்பது அவரைச் சந்தேகப்படுவதற்குச் சமம். மற்றவர்கள் விஷயத்தில் அந்த மரியாதையை நான் அவ்வப்போது மீறியிருக்கிறேன். தோள் என்று எழுதி வந்தவர்களின் கழுத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன். சொந்த மகள் விஷயத்தில் மீறத் தோன்றவில்லை. அது சலுகையாகக் கிடைத்த சீட்டு.

டயதர்மி என்பது உடம்புக்குள் சூடு இறக்கும் இயந்திரம். ஒரு தடவைக்கு இருபது நிமிடம். பள்ளி விட்டதும் அவள் நேராகக் கிளினிக்குக்கு வருவாள். முழங்காலின் இரு பக்கமும் பட்டைகளை வைத்துவிட்டு, அறையின் மறுகோடியில் உட்கார்ந்து நான் ஸ்டென்சில் அடிப்பேன். அந்த மாதச் சுற்றறிக்கை வழக்கத்தைவிட நீளம். கோட்டையில் தலைமைச் செயலகத்துக்குக் கொண்டுபோகப்போகும் மனுவின் முழு வாசகமும் அதில் வர வேண்டியிருந்தது.

படுத்தால் அவளுடைய இடது பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தது. பாதம் சாய்ந்தால் பட்டை நகர்ந்துவிடும். அதனால் தினமும் பாதத்தை நிமிர்த்தி, மறுபடி சாயாமல் இருக்க ஒரு சின்ன மணல் மூட்டையை முட்டுக் கொடுத்தேன். நிமிர்த்தும்போது அவள் முகத்தைச் சுளிப்பாள்.

"முட்டியில இல்லம்மா. எங்கன்னு சொல்லத் தெரியல," என்றாள் ஒரு நாள்.

"அசையாம படு. பேட் நழுவுது."

பாதம் ஏன் சாய்கிறது என்று கேட்பதற்குத்தான் நான் படித்தேன். நான் மணல் மூட்டை வைத்தேன்.

கோவளத்திலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் தோள் வலிக்காக வந்துகொண்டிருந்தார். மகள் உள்ளே நுழைவதைப் பார்த்து ஒரு மாலை சிரித்தார். "இன்னா கண்ணு, வாத்து மாறி நடந்துகினு வர்ற? ஊருக்கெல்லாம் சரி பண்ற உங்கம்மாவுக்கு உன் காலு தெரியலியா? அது பாட்டுக்கு வெளிய திரும்பிகினு கீது." மகளும் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அவருடைய தோளுக்குத் திரும்பினேன்.

பத்து நாள் முடிந்தும் வலி குறையவில்லை. மருத்துவருக்குத் தொலைபேசியில் சொன்னேன். இன்னும் பத்து நாள் வையுங்கள் என்றார். வைத்தேன்.

அந்த இரண்டாவது பத்து நாளுக்குள் ஒரு சாயங்காலம், தாம்பரத்தில் பேருந்திலிருந்து இறங்கும்போது அவள் படி தவறி விழுந்தாள். பெரிதாக விழவில்லை. கடைசிப் படிதான். ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. கண்டக்டரும் நிறுத்தத்தில் பூ விற்கும் அம்மாவும் தூக்கி ஆட்டோவில் உட்கார வைத்ததாகப் பிறகு சொன்னார்கள். அன்றே நகரத்தில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே முழங்காலை எடுக்கவில்லை, இடுப்பைத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இளவயது அறுவை மருத்துவர் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்துக் காட்டினார். தொடை எலும்பின் பந்து போன்ற தலை, தன் கழுத்திலிருந்து வழுக்கி நழுவியிருந்தது. வளரும் பிள்ளைகளுக்கு, அதிலும் உடம்பு கனத்தவர்களுக்கு வருகிற கோளாறு. கோளாறு இடுப்பில் இருக்கும், வலி முழங்காலில் தெரியும். கல்லூரிப் பரீட்சையில் இதைப் படம் போட்டு எழுதியிருக்கிறேன். காலை மடக்கி உள்பக்கமாகத் திருப்பிப் பார்த்தால் திரும்பாது. இரண்டு நிமிட வேலை.

"எத்தனை நாளா வலி?" என்று கேட்டார்.

மூன்று வாரத்துக்கு மேல் என்றேன்.

"யார் ட்ரீட் பண்ணினது?"

"நான்தான் சார். பிசியோதெரபிஸ்ட்."

ஃபிலிமிலிருந்து என் பக்கம் திரும்பினார். "ஹிப்ப அசைச்சுப் பாக்கலியா?"

"சீட்டுல முழங்கால்னு போட்டிருந்தது," என்றேன்.

மாதாமாதம் எந்தப் பேச்சுக்கு எதிராக எழுதிவந்தேனோ அதுவே என் வாயிலிருந்து வந்தது. அறுவை சிகிச்சைக்கு நான் கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தை அவர் எடுத்து நீட்டினார்.

மறுநாள் ஊசி போன்ற கம்பிகளை இறக்கி எலும்பின் தலையை நிறுத்தினார்கள். என் கணவர் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் பிரிவில் இருந்தார். வார்டுக்கு வெளியே நின்றபோது ஒரே ஒரு முறை சொன்னார்: "எங்க கம்பெனில ஒரு பீஸ் திரும்பி வந்தா, யாரு செக் பண்ணதுன்னுதான் முதல்ல கேப்பாங்க." அதன்பிறகு இன்றுவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

சங்கத் தலைவர் குரோம்பேட்டையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்க்க வந்தார். நடந்ததை அடுத்த சுற்றறிக்கையில் எழுதப்போகிறேன் என்றேன். அவர் பதறிப்போய் என்னை வராந்தாவுக்கு அழைத்துப் போனார்.

"இப்ப வேணாம்மா. அடுத்த வாரம் கோட்டைக்குப் போறோம். இத எவனாவது படிச்சான்னா, பாத்தீங்களா, இவங்க கையில பேஷண்ட்ட விட்டா இதான் கதின்னு மனுவ நம்ம மூஞ்சிலயே விட்டெறிவான்."

சீட்டை நம்பியதால்தானே சார் இது நடந்தது என்று கேட்டேன்.

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அங்க ஃபைல் பாக்கறவனுக்குத் தெரியுமா?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தைவிட, எழுத வேண்டாம் என்று ஒருவர் சொன்னதில் எனக்குக் கிடைத்த நிம்மதிதான் பெரிதாக இருந்தது. மனுவை வாங்கிக்கொண்ட அதிகாரி தேநீர் கொடுத்து, கவனிக்கிறோம் என்று சொல்லி அனுப்பினார். சுற்றறிக்கையில் 'மனு பரிசீலனையில் உள்ளது' என்று அடித்தேன். அதற்கடுத்த மாதமும் அதையே அடித்தேன்.

நாலாவது மாதம் மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். மகளை வெளியே உட்கார வைத்துவிட்டு மருத்துவர் எனக்கு மட்டும் காட்டினார். எலும்பின் தலைக்குப் போகும் ரத்தம் நின்றுவிட்டது. தலை வெளுத்து, மேல் விளிம்பு அமுங்கத் தொடங்கியிருந்தது. கால் குட்டையாகும், நொண்டல் போகாது, வயது வந்தபின் இன்னொரு பெரிய அறுவை சிகிச்சை தேவைப்படும் என்றார். வெளியே வந்ததும் அவள் டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். எலும்பு கூடி வருகிறது, கொஞ்ச நாள் ஆகும் என்றேன்.

அந்த வாரம்தான் கடைசிப் பத்தியில் அதை எழுதினேன். 'நம் உறுப்பினர் ஒருவரிடம் முழங்கால் வலியோடு வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி' என்று தொடங்கி, எந்தக் குழந்தை முழங்கால் வலி என்று வந்தாலும், சீட்டு என்ன சொன்னாலும், இடுப்பைப் பார்க்காமல் இயந்திரத்தைத் தொடாதீர்கள் என்று முடித்தேன். தலைவர் படித்துவிட்டு, பேர் போடாததால் பரவாயில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிரதிகளைக் கட்டில்மேல் பரப்பி மடித்துக்கொண்டிருந்தேன். ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, சும்மா இருக்க அலுப்பாக இருக்கிறது என்று அவளும் மடிக்க உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை. பத்துப் பதினைந்து மடித்தபின் அவள் கை நின்றது.

"இந்தப் பொண்ணு நான்தானே?"

ஆமாம் என்றேன்.

"உறுப்பினர்னா நீயா?"

அதற்கும் ஆமாம் என்றேன். அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். அவள் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். பின்பக்கம் பயிற்சி வகுப்பு அறிவிப்பு மட்டும்தான்.

"அவளுக்கு அப்புறம் சரியாச்சா இல்லியான்னு போடவே இல்லியேம்மா."

பீரோவைத் திறந்து எக்ஸ்ரே உறையை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஃபிலிமைப் பிடித்து, வலது பக்க எலும்பின் தலை எப்படி உருண்டையாக இருக்கிறது, இடது பக்கத் தலை எங்கே அமுங்கியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டினேன். மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். கூடி வருகிறது என்று நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

"ஓடக் கூடாதா?"

"கூடாது."

"எப்பவுமேவா?"

என்னால் அதற்குத் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அவள் ஃபிலிமை என் கையிலிருந்து வாங்கி, தானே உயர்த்திப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை வலித்தபோது மாற்றிக்கொண்டாள். திருப்பித் தரவில்லை.

மீதிப் பிரதிகளை மறுநாள் நான் தனியாக மடித்து அனுப்பினேன். அந்தப் பத்தியில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.