கையெடு அக்காவின் கீறல்

"கையை எடு!"

உள்ளே வந்தவர் இன்னும் எதையும் தொடவில்லை. தொடலாமா என்று யோசித்திருப்பார், அவ்வளவுதான். கண்ணாடித் தகடுகளை அடுக்கிக்கொண்டிருக்கும் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகாலேயே அதட்டுகிறார். "மேசையை விட்டுத் தள்ளி நில்லுங்க. ஆங்... இப்ப சொல்லுங்க, என்ன வேணும்?"

ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில் அவருக்குக் கையெடு அக்கா என்று பெயர் வைத்தவர் யாரென்று தெரியவில்லை. வைத்தவர் கண்டிப்பாக எதையோ தொட்டிருப்பார். ஆளுக்குத் தகுந்தபடி அந்த வார்த்தை மாறும். பெரிய டாக்டர் என்றால் சர்க்கரை கரையும்: "சார், அந்தக் கையைக் கொஞ்சம்..." மருந்துக் கம்பெனிக்காரர் என்றால் படாரென்று கதவு சாத்துகிற சத்தம். வீட்டில் கணவர் அடுப்பிலிருக்கும் பாத்திரத்தின் மூடியைத் தூக்கினாலும் இதே பாட்டுதான் என்று கேள்வி.

அறுவை அறையிலிருந்து ஜாடிகளில் வரும் சதைத் துணுக்குகளை வெட்டி, மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவித் தருவது அவர் வேலை. வெட்டும்போது மூக்குக்குள் ஏதோ முனகுவார். அது எந்தப் பாட்டு என்று கேட்டால், "பாட்டா? நானா?" என்பார்.

கிருமிகளைப் பற்றி அக்கா பேசினால் ஆகாத சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். "காசநோயா? வருவான், இருமுவான், ஒழுங்கா மருந்து கொடுத்தா கிளம்பிடுவான்." பிரியான் என்ற பேச்சு எடுத்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். "கிருமின்னா கொன்னுடலாம். இது உயிரே இல்லாத சாமான், எதைப் போய்க் கொல்ல? மூளையில ஒரு புரதம் கோணலா மடிஞ்சுக்குது. பக்கத்துல இருக்கிறதையும் வாடா, நீயும் கோணலாகுடான்னு இழுத்து விடுது. சாதாரணமா கொதிக்கவெச்சா சிரிக்கும். ஃபார்மலின்ல போட்டா குளிச்ச மாதிரி எந்திரிச்சு வரும்."

தொட்டால் ஒட்டாது, தும்மினால் பரவாது. வெட்டுக்காயம் வழியே உள்ளே போனால்தான் வம்பு. போனால் பல வருஷம் பேசாமல் கிடந்துவிட்டு, ஒருநாள் நினைவையும் நடையையும் பிடுங்க ஆரம்பிக்கும். மருந்து கிடையாது. அதனால் சந்தேகமான ஜாடிகள் சிவப்பு ஒட்டுச்சீட்டோடுதான் வரவேண்டும். அவற்றுக்குத் தனி அறை, கம்பி வலைக் கையுறை, ஒருமுறை மட்டுமே தொடும் கத்தி, கடைசியில் பலகைக்குக் காஸ்டிக் சோடாக் குளியல்.

போன மாதம் ஒரு பிற்பகலில் வந்த ஜாடியில் சிவப்பு இல்லை. மூளைக் கட்டி என்று எழுதியிருந்தது. அக்கா சாதாரண ரப்பர் கையுறையோடு முனகிக்கொண்டே பாதி வெட்டியிருந்தார். சுவரிலிருந்த ஃபோனை எடுத்த இளம் பெண் டாக்டரின் முகம் மாறியது.

"அக்கா, நிறுத்துங்க. வார்டுலேருந்து பேசறாங்க. அது கட்டியில்லையாம். அந்த ஆளுக்கு நாளுக்கு நாள் நினைவு தப்புதாம், கை கால் வெட்டி வெட்டி இழுக்குதாம். பிரியானோன்னு..."

டாக்டர் முடிப்பதற்குள் கத்தி போயிற்று, கையுறைகள் உள்பக்கம் வெளியாகச் சுருண்டு போயின. எரிப்பதற்கான மஞ்சள் டப்பாவின் மூடி டப்பென்று விழுந்தது. இத்தனை வருஷப் பழக்கம்; யோசனைக்கு வேலையே இல்லை. குழாயடியில் கையை நீட்டிய பிறகுதான் அக்கா பார்த்தார். இடது ஆள்காட்டி விரலில் மயிரிழை போல ஒரு சிவப்புக் கோடு.

டாக்டர் அந்த விரலை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்தார். "தேய்க்காதீங்க. சோப்புத் தண்ணி தானா ஓடட்டும். எப்ப பட்டுச்சு?"

"தெரியலையே டாக்டரம்மா. காலையில வீட்டுல பட்டதா, இப்ப பட்டதான்னு..."

"கிளவுஸ்ல கிழிசல் இருந்துச்சா?"

"பார்க்கலையே. அதுக்குள்ள போட்டுட்டேனே." இரண்டு பேரும் டப்பாவைப் பார்த்தார்கள்.

அக்கா கணவருக்கு ஃபோன் போட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்.

"ஏங்க, காலையில நான் விரலைக் கீறிக்கிட்டேனா?"

"என் காதைக் கீறினது ஞாபகமிருக்கு... தம்பி, பிரேக்கு! பிரேக்குன்னா நடுவுலப்பா! ... என்னம்மா கேட்டே?"

"விளையாடாதீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

வண்டி நின்ற சத்தம் கேட்டது. அவர் குரலில் கேலி போய்விட்டது. "பால் பவுடர் டின்னைத் திறக்கிறப்ப 'ஸ்ஸ்'ன்னே. ரத்தம் வந்துச்சான்னு நான் பார்க்கலையே. ஏன்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீங்க பிரேக்கைப் பாருங்க."

'ஸ்ஸ்' என்றால் விரலாகவும் இருக்கலாம், நகமாகவும் இருக்கலாம். நோயாளிக்கு அந்த நோய்தானா என்பது வெளியூர்ப் பரிசோதனையில் தெரிய வாரங்கள் ஆகும். அதுவரைக்கும், அதுதான் என்றாகிவிட்டால் அதற்கப்புறம் எத்தனை வருஷத்துக்கும், இந்த விரல் கூடவே இருக்கும். கையுறை கிழியாமல் முழுசாக இருந்தால் இந்தப் பயமெல்லாம் இந்த நிமிஷமே தீர்ந்துவிடும். அது கைக்கெட்டும் தூரத்தில், இந்த மூடிக்குக் கீழே கிடக்கிறது. பக்கத்திலேயே அந்தக் கத்தியும், காலையிலிருந்து போட்ட உடைந்த கண்ணாடிகளும்.

டாக்டர் அலமாரியிலிருந்து நீளமான இடுக்கியை எடுத்தார். "திறக்கக் கூடாதுதான். எனக்கும் தெரியும். இப்படியே உங்களை எப்படிக்கா வீட்டுக்கு அனுப்புவேன்? வலைக் கையுறை போட்டுக்கறேன். ரெண்டே நிமிஷம்."

அக்கா வாயைத் திறந்தார். 'எடுங்க' என்று சொல்லத்தான் போனார். டாக்டர் வலைக் கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். அது அக்காவின் அளவு. அந்த மெலிந்த விரல்களில் தொளதொளவென்று தொங்கியது. இடுக்கி பிடியில் நிற்காமல் நழுவியது.

"தள்ளுங்கக்கா."

அக்கா தள்ளவில்லை. மூடி நன்றாக அழுந்தியிருக்கிறதா என்று ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு திரும்பி, தன் முழுப் பாரத்தையும் இறக்கி, அந்த மஞ்சள் டப்பாவின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.