குடிக்கிற தண்ணியில் கால் வைக்கலாமா?

புதன்கிழமை ஒரு தபால் அட்டை வந்தது. ஒரே அட்டை, இரண்டு கையெழுத்து.

மேலே, கோடு போட்ட மாதிரி நேராக எழுதியிருந்தவர் ஒரு பெண்ணின் அப்பா. அவர் எழுதியதைக் கடைசியில் சொல்கிறேன். ஓரத்தில், அட்டையைத் திருப்பிப் பிடித்தால்தான் படிக்க முடியும் என்கிற பொடி எழுத்தில், அந்தப் பெண் ஒரு வரி சேர்த்திருந்தாள். ‘அங்கிள், ராட்டினப் பைத்தியங்களுக்கு வாட்டர் பார்க் ஒத்துவருமா என்று எழுதுவதாகச் சொன்னீர்களே... எப்போது?’

இந்த வாரமே எழுதிவிடுகிறேன் அம்மா. மனசு சரியில்லை. ஆனாலும் கேட்டவளுக்குப் பதில் சொல்ல வேண்டாமா?

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். ஐம்பதைத் தாண்டியும், பொருட்காட்சி என்று போர்டு வைத்தால் முதல் ஆளாக நிற்பேன். அப்பளக் கடை, வளையல் கடை எதுவும் என் கண்ணில் படாது. நேராக ஜெயன்ட் வீல்தான். உச்சிக்குப் போய் ஒரு நொடி நிற்குமே, வயிறு ஒரு இடத்திலும் நாம் ஒரு இடத்திலுமாக... அந்த நொடிக்காக எதையும் கொடுப்பேன்.

பைத்தியம் பிடித்தது அருப்புக்கோட்டையில். பங்குனிப் பொங்கலுக்கு ராட்டினம் வரும். நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். திருவிழாப் பக்கம் போகக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். ‘ராட்டினம் எந்த மதம்ப்பா?’ என்று கேட்டு முதுகில் வாங்கியிருக்கிறேன். வாங்கிய கையோடு போய் ஏறியும் இருக்கிறேன்.

எங்கள் குடும்பத்தில் இந்தப் பைத்தியம் இன்னொருவனுக்கும் உண்டு. அக்கா மகன் சாலமோன். (பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டபோது, “எழுதுங்க மாமா, நம்ம ஊருக்கு எது வந்துருக்கு, பத்திரிக்கை வர்றதுக்கு?” என்றான்.)

சாலமோனுக்கு முப்பத்தொரு வயது. பரளச்சிக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் கரிசல் காட்டில் பருத்தியும் கொத்தமல்லியும் போடுகிறான். போடுகிறான் என்பதைவிட, வானத்தைப் பார்க்கிறான் என்று சொல்லலாம். பீடி கிடையாது, சீட்டு கிடையாது. ஞாயிறு தவறாமல் கோயில். பார்க்கவும் லட்சணமாக இருப்பான். ஆனாலும் ஆறு இடத்தில் பெண் தர மறுத்துவிட்டார்கள். ஆறு பேரும் சொன்னது ஒரே வாசகம். ‘மாப்பிள்ளை பிடிச்சிருக்கு... ஊருதான்.’

ஊர் என்றால் வேறென்ன? தண்ணீர்தான்.

சர்க்கார் உத்தியோகஸ்தர்களை மிரட்ட ஒரு வாசகம் உண்டு அல்லவா — ‘உன்னைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திருவேன்’ என்று? அந்தக் காடு எங்கே இருக்கிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? நான் அங்கேதான் பிறந்தேன். மாற்றலில் வந்தவர் ஆறு மாதத்தில் யாரையாவது பிடித்துத் திரும்பிப் போய்விடுவார். அங்கேயே பிறந்தவன் யாரிடம் போய் மனுக் கொடுப்பது?

ஏழாவது இடம் ஷீலா. மதுரையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். என் வாசகி. நான் ராட்டினம் பற்றி எழுதியதற்கெல்லாம் கடிதம் போட்டவள். அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், மனைவி இல்லாமல் ஒற்றை ஆளாகப் பெண்ணை வளர்த்தவர். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து மதுரைக் கோயில் வாசலில் கல்யாணப் பேச்சு வந்தது. சாலமோனின் போட்டோவைப் பார்த்தார். படிப்பு கேட்கவில்லை, நிலம் எவ்வளவு என்று கேட்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“சார், ஊர்ல குழாய் இருக்கா?”

“இருக்கு சார்” என்றேன்.

இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயிலுக்கு எதிரே சிமெண்ட் மேடை கட்டி, வாழைமரம் கட்டி, மாலை போட்டுத் திறந்துவைத்த குழாய். இன்றைக்கும் நிற்கிறது. காக்காய் உட்கார வசதியாக இருக்கிறது. தண்ணீர் வருகிறதா என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அப்படித்தான் அன்றைக்கு எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

மதுரைக்கு வெளியே, பைபாஸில் புதிதாக ஒரு வாட்டர் பார்க் திறந்திருந்தார்கள். யோசனை ஷீலாவுடையது. “கேசரியும் பஜ்ஜியும் வச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சு உக்கார என்னால முடியாது அங்கிள். அவருக்கும் ராட்டினம் பிடிக்கும்ங்கிறீங்க. நாலு பேருமாப் போயிட்டு வருவோமே?” என்றாள். டிராயிங் மாஸ்டரும் சிரித்துக்கொண்டே சரி என்றார். நான்? குதித்தேன். பத்திக்கும் ஆச்சு, கல்யாணத்துக்கும் ஆச்சு. இரண்டு மாங்காய்க்குக் கல்லை எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை போனோம். சாலமோன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு.

முதலில் தண்ணீர் இல்லாத விளையாட்டுகள். ஒரு கப்பல் ராட்டினம் இருந்தது. முன்னும் பின்னுமாக ஆடி ஆடி, கடைசியில் வானத்தைப் பார்த்து நெட்டுக்குத்தாக நிற்கும். கடைசி வரிசையில்தான் ஆட்டம் அதிகம் என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். சாலமோன் நேராகக் கடைசி வரிசைக்குப் போனான். யாரும் சொல்லாமல் ஷீலாவும் அங்கேயே போனாள். கப்பல் ஏற ஏற மற்றவர்கள் எல்லாம் ‘அம்மா, ஆத்தா’ என்று கத்த, இவர்கள் இரண்டு பேரும் கத்தவில்லை. சிரித்தார்கள்.

கீழே நின்றிருந்த டிராயிங் மாஸ்டர் என் தோளைத் தொட்டார். “ரெண்டும் ஒரே ரகம் சார்.”

எங்கள் கோயிலில் கல்யாண அறிவிப்பு படிப்பதை ஓலை வாசிப்பது என்போம். மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. என் மனசில் அப்போதே முதல் ஓலை வாசித்தாகிவிட்டது.

அப்புறம் தண்ணீர்ப் பக்கம் வந்தோம்.

ஷீலா கேட்ட கேள்விக்காக, மனச்சாட்சியோடு என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வாடகைக்குத் தரும் நைலான் கால்சட்டையில் நான் பார்க்கச் சகிக்காமல் இருந்தேன். சறுக்குக் குழாய்க்கு மேலே ஏறுவது நம் சொந்தக் காலால். ராட்டினம் நம்மை மரியாதையாகத் தூக்கிக்கொண்டு போகும். இங்கே நாமே மூச்சு வாங்கி ஏறி, நம்மையே தள்ளிவிட்டுக்கொள்ள வேண்டும். உச்சியில் அந்த ஒரு நொடி கிடையாது. கண்ணை மூடித் திறப்பதற்குள் மூக்கில் தண்ணீர் ஏறக் கீழே கிடப்போம். நான் கிடந்தேன். மூக்குக்கண்ணாடியைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. ஆனால் ஒன்று, சிரித்தேன். வெட்கமே இல்லாமல் சிரித்தேன்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், அலைக்குளத்தில் ஷீலா முழங்கால் ஆழத்தில் நிற்கிறாள். கரையில் சாலமோன். செருப்பைக் காணோம். எல்லோரும் உள்ளேயே கழற்றிப் போட்டிருக்க, இவன் செருப்பு மட்டும் தூரத்தில், வேலிக்கு அந்தப் பக்கம், ஜோடியாக இருந்தது. எனக்கு அப்போதே சுருக்கென்றிருக்க வேண்டும்.

ஒரு காலைத் தூக்கிவிட்டான். வைக்கப் போகிறவன், பக்கத்தில் விசில் மாட்டிக்கொண்டு நின்ற ஆளிடம் கேட்டான். “அண்ணே, இது என்ன தண்ணி?”

அந்த ஆளுக்குப் பெருமை. “ஃபில்டர் தண்ணி சார். அவ்வளவு சுத்தம். குடிக்கலாம்.”

“குடிக்கிற தண்ணியா?”

“நானே குடிச்சிருக்கேன் சார்.”

தூக்கிய காலைச் சாலமோன் பின்னால் வைத்துவிட்டான்.

எங்கள் ஊரில் குடிதண்ணீர் என்றால் ஊருணி. மழைத் தண்ணீர் வந்து நிற்கிற குளம். செருப்பைத் தூரத்திலேயே விட்டுவிட வேண்டும். கடைசிப் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குடத்தைச் சாய்த்து மொள்ள வேண்டும். கால் நனையக் கூடாது. பச்சைப் பிள்ளை தெரியாமல் காலை விட்டாலும், பெற்றவர்கள் ஊர்க்கூட்டத்தில் வந்து பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வைத்து ஊருணிக்குக் காவல் இருப்பார்கள். தை மாதம் சாலமோனின் முறை.

“வாங்க, என்னாச்சு? தண்ணின்னா பயமா?” என்று ஷீலா கூப்பிட்டாள்.

“பயம் இல்லீங்க. குடிக்கிற தண்ணிங்கிறாரு.”

“ஆமா. அதுக்கென்ன?”

“குடிக்கிற தண்ணியில கால வைக்க மாட்டோங்க. பழக்கமில்ல.”

விசில்காரர் சிரிக்கவில்லை. ஷீலாவும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்துத் தொலைத்திருக்கலாம், நான் ஒரு சண்டை போட்டு அதை அத்தோடு முடித்திருப்பேன். அவள் குனிந்து தண்ணீருக்குள் தன் காலைப் பார்த்தாள். அப்புறம், தண்ணீர் சிதறாமல், ஒவ்வொரு அடியாக வைத்து நடந்து வந்து கரையேறினாள். அவனுக்குக் கொஞ்சம் தள்ளி, காலை மடக்கிச் சிமெண்ட் தரையில் உட்கார்ந்தாள்.

“நாங்க குழாயத் திறந்து விட்டுட்டேதான் பல்லு வெளக்குவோம்” என்றாள், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் மாதிரி.

பின்னாலேயே டிராயிங் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். “தம்பி, உங்க ஊர்ல குழாய் இருக்குன்னு சார் சொன்னாரே.”

“குழாய் இருக்குங்கய்யா. தண்ணி வந்ததில்ல.”

“அப்பக் குடிக்க?”

“ஊருணிங்க. வைகாசி வரைக்கும் தாங்கும். இந்த வருசம் மாசியிலயே சேறாயிருச்சு. இப்ப ரெண்டு மைல் போயித்தான் எடுத்தாராக.”

“யாரு எடுத்தாராக?”

சாலமோன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கர்த்தர் மன்னித்திருப்பார். “பொம்பளையாளுகதாங்க. நான் வீட்ல இருந்தா சைக்கிள்ல ஆறு குடம் கொண்டாந்துருவேன்.”

டிராயிங் மாஸ்டர் அவனை விட்டுவிட்டார். என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை. “சார், நான் ஒண்ணே ஒண்ணுதான கேட்டேன்?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வேறு என்ன செய்ய?

“எங்க அத்தைய நரிக்குடிப் பக்கம் குடுத்திருந்தாக. குடம் சொமந்து சொமந்து இடுப்பு போயி, கடைசியில தவழ்ந்துதான் திரிஞ்சாக. நான் சின்னப் பையன், பாத்திருக்கேன். அதான் சார் கேட்டேன்.”

எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை. அந்த விசில்காரர், ‘போர்த் தண்ணி சார், வாயில வைக்க முடியாது, ஒரே உப்பு’ என்று சொல்லியிருந்தால் என்ன? சாலமோன் குதித்திருப்பான். எங்கள் காட்டு உப்புத்தண்ணிக் கிணற்றில் மீன் மாதிரி நீந்தியவன்தான். இரண்டாவது ஓலையும் வாசித்தாகியிருக்கும். உண்மை சொல்ல வேண்டிய இடத்தில் நான் வார்த்தையை விழுங்கினேன். பொய் சொல்லியிருக்க வேண்டிய இடத்தில் அந்த ஆள் உண்மையைச் சொல்லிவிட்டார். ஆனால் அப்படியே கல்யாணம் நடந்து, அந்தப் பெண் வந்து அந்தக் குழாயைத் திருகிப் பார்த்திருந்தால்? அதை நினைத்தால் இதைவிடப் பயமாக இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்துதான்.

சாலமோனை வீட்டில் விட நானும் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். அவன் திட்டினால் தேவலை என்றிருந்தது. காரியாபட்டி தாண்டியதும் கேட்டான்.

“மாமா, சாயந்தரம் அடைச்ச பெறகு அந்தத் தண்ணிய என்ன பண்ணுவாக?”

“சுத்தம் பண்ணித் திருப்பித் திருப்பி அதையேதான் விடுவாகளாம்.”

“யாரும் குடிக்க மாட்டாகளா?”

“மாட்டாகடா.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வேலிக்கருவையைத் தவிர என்ன இருக்கிறது? ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னான். “அந்தப் பொண்ணு கால எடுத்துட்டு மேல வந்துருச்சு மாமா. பாத்தீகளா?”

அருப்புக்கோட்டையில் இறங்கி ஊருக்கு வேறு பஸ் மாறினோம்.

வாசலில் காலிக் குடங்களுக்குப் பக்கத்தில் அக்கா நின்றிருந்தாள். பெண் எப்படி என்று கேட்கவில்லை, சிவப்பா மாநிறமா என்று கேட்கவில்லை. ஆறு இடம் பார்த்த அனுபவம் அவளுக்கு.

“தம்பி, குழாயப் பத்திக் கேட்டாகளா?”

“கேட்டாகக்கா.”

குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது தபால் அட்டைக்கு வருகிறேன். டிராயிங் மாஸ்டர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனால் கர்த்தருக்குச் சித்தமில்லை என்று தோன்றுகிறது.’ அவரை நான் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பெண் இருந்தால் நானும் இதே அட்டையைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் கர்த்தர் மேல் எதற்குப் பழி? குழாயை நட்டு மாலை போட்டுவிட்டுத் தண்ணீரை மறந்து போனவரா அவர்? அடுத்த தேர்தலுக்கு அதே குழாய்க்குப் பெயின்ட் அடிப்பார்கள். நானும் இருந்து பார்ப்பேன். எட்டாவது இடம் தேடலாமா என்று சாலமோனிடம் கேட்டேன். “அவுகளையும் ஏன் மாமா அலைய விடணும்?” என்றான்.

சரி ஷீலா, உன் கேள்விக்குப் பதில். ராட்டினப் பைத்தியங்கள் வாட்டர் பார்க் தாராளமாகப் போகலாம். கப்பல் பிரமாதம். சறுக்குக் குழாய் சுமார், சிரிப்புக்கு உத்தரவாதம் உண்டு. எங்கள் ஊர் மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மட்டும் போகக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தபாலில் எழுத எனக்கு உரிமையில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன் — நீ காலை எடுத்ததை அவன் பார்த்தான் அம்மா.