டட்லி தூக்கிய கை

கிளான்சியின் மூஞ்சியில் அப்படி என்னதான் இருக்கிறது, கேமரா அதையே சுற்றிச் சுற்றி வருகிறது? இந்த நினைப்பில் டட்லிக்குச் சுட்ட கங்காரு வால்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

சுரங்கக் கம்பெனி லாரிகளை மறித்துச் சனம் செம்மண் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. படம் எடுக்க வந்தவள் வெண்டி, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் வளர்ந்த நம் பழங்குடிப் பெண். கம்பெனி துளை போடப் பார்த்த ஊற்றுப்பாறை கிளான்சிக்கு அப்பன் வழி நிலம், ஆகவே அதைப் பற்றிப் பேச வேண்டியவன் அவன். அத்தை மகன் டட்லிக்கு அது அம்மா வழி நிலம், ஆகவே அவன் காவல். நிலத்துக்குச் சொந்தக்காரன் பேசும்போது காவல் பக்கத்தில் இருக்க வேண்டும். பேச்சு பிசகினால் கை தூக்க வேண்டும். கை எழுந்துவிட்டால் சொந்தக்காரன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதெல்லாம் கேமராவுக்கு எங்கே தெரிகிறது?

"என்ன மச்சான், என் முட்டியாவது படத்துல வருமா?" என்றான் டட்லி.

"உன் முட்டிய காட்டினா சிட்னியில டிக்கெட்டே கிடைக்காது," என்றான் கிளான்சி.

எல்லாரும் சிரித்தார்கள். டட்லியும் சிரித்தான், வயிறு எரிய.

மறியலைக் கலைக்க மறுநாள் போலீஸ் வரப்போகிறது என்று தெரிந்தது. வெண்டியிடம் மிச்சம் ஒரே பிலிம் சுருள்.

"மாமா, ஊத்துப்பாறையப் பத்திச் சொல்லுங்க. நகரத்துக்காரங்க கேட்டாத்தான் நம்ம பக்கம் நிப்பாங்க. மறுபடி எடுக்க முடியாது."

கிளான்சி ஆரம்பித்தான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பேச்சில் ஒரு பிசகும் இல்லை. அதைத்தான் டட்லியால் தாங்க முடியவில்லை. கை தானாக எழுந்தது என்று சொன்னால் பொய். அவன்தான் தூக்கினான்.

"அது அப்படியில்ல. நிறுத்து."

கிளான்சி பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டான். வெண்டி திகைத்துப் போய்க் கேமராவை டட்லி பக்கம் திருப்பினாள். யாரும் பேசாமலே சுருள் தீர்ந்தது.

குளிர்காலத்தில் பள்ளிக்கூடச் சுவரில் துணி கட்டிப் படம் போட்டார்கள். ஊற்றுப்பாறையில் அதற்குள் துளை போட்டாகிவிட்டது. நகரத்தில் பார்த்தவர்கள் கைதட்டினார்கள், ஆனால் அந்தப் பாறைக்கு ஏன் இத்தனை சண்டை என்று பாதிப் பேருக்குப் புரியவில்லை என்றாள் வெண்டி.

துணி நிறைய டட்லியின் முகம், தூக்கிய கை.

"காவல்னா இதுதாண்டா. கேமராவுக்குக்கூட விட்டுக்கொடுக்கல," என்றார் ஒரு பெரியவர். சுற்றியிருந்தவர்கள் ஆமாம் என்றார்கள்.

அந்தக் கை எழுந்த நாளிலிருந்து ஊற்றைப் பற்றி வாயே திறக்காத கிளான்சி, மெதுவாக நகர்ந்து மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எந்த இடத்துல தப்பு விட்டேன், மச்சான்? சொல்லு, பிள்ளைங்களுக்காவது சரியாச் சொல்லிட்டுப் போறேன்."

அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.