பச்சை விளக்கு, மஞ்சள் குழாய்

ஜொகூரில் ரெங்கம் என்ற சிற்றூரில் என் வீட்டிலிருந்து என் அலுவலகத்துக்கு எட்டு நிமிடப் பயணம். வழியில் மூன்று வேகத்தடைகள், பள்ளிக்கூட வாசலில் ஒரு சிக்னல், அவ்வளவுதான். இந்தத் தூரத்துக்கு என் கார் போதிய வேகத்தில் போகவில்லையே என்ற கவலை எனக்கு ஐம்பத்திரண்டாவது வயதில் வந்தது.

கவலையைக் கொண்டுவந்தவன் என் மனைவியின் தம்பி. அவனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மூவாரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் தன் புதுக் காரில் என்னை முந்தினான். முந்தியதுகூடப் பரவாயில்லை, முந்தும்போது கையை வெளியே நீட்டி டாட்டா காட்டினான். அதோடு விட்டானா? மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டு, பத்து பேர் காதில் விழும்படி, "மச்சான், உங்க காடி நெசமாவே டர்போவா? இல்ல ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி வித்துட்டாங்களா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை, இருந்தாலும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்றிரவே கைப்பேசியில் தேட ஆரம்பித்தேன். காரின் வேகத்தைக் கூட்ட இந்த உலகில் இரண்டு கட்சிகள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஒன்று சிப் கட்சி. தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா, அதை ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் துவாரத்தில் செருகினால் போதும். ஒரு பச்சை விளக்கு சிமிட்டும், மீதியை அது பார்த்துக்கொள்ளும். இன்னொன்று டியூனர் கட்சி. கைக்கு அடக்கமான ஒரு கருவி, இன்ஜினின் மூளையில் கம்பெனிக்காரன் எழுதி வைத்ததை அழித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்கு வேறொன்றை எழுதும். வேண்டாமென்றால் பழையதையே திரும்ப எழுதிக்கொள்ளலாம். இரண்டு கட்சிக்காரர்களும் இணையத்தில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டதைப் பார்த்தால், அவர்களில் யாருக்காவது அவ்வளவு வேகமாகப் போக இடம் ஏதும் இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். சிப் சோம்பேறிக்கு, டியூனர் பைத்தியக்காரனுக்கு என்று புரிந்துகொண்டு, முதலில் சோம்பேறியாக இருந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம்தான் மகளுக்கு ஜொகூர் பாருவிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தது. மருத்துவப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. படித்து முடித்து ஒரு வருடமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தவளுக்கு வந்த முதல் அழைப்பு அது. நாள் குறித்திருந்தது அடுத்த மாதக் கடைசியில், காலை ஒன்பது மணிக்கு. என் மனைவி கடிதத்தை ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"இந்த இண்டர்வியூ முடியற வரைக்கும் காடியில கைய வைக்காதீங்க. சொல்லிட்டேன்."

"வைக்க மாட்டேன் லா" என்றேன். ஒரு டப்பாவைச் செருகுவதெல்லாம் கை வைப்பதில் சேராது என்று என் மனத்தில் ஒரு சட்டம் இயற்றிக்கொண்டேன்.

சிப் வந்தது, செருகினேன். கார் பறந்தது. மிதித்தால் முதுகு சீட்டில் ஒட்டுகிறது என்று அலுவலகத்தில் சொன்னேன், தேநீர்க் கடையில் சொன்னேன். ஒரு ஞாயிறு மத்தியானம் மனைவியின் தம்பி சாப்பிட வந்தபோது இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். என் மனைவி எழுந்துபோய் அடுப்படி இழுப்பறையைத் திறந்தாள். ரப்பர் பேண்டுகளுக்கும் மிளகாய் சாஸ் பொட்டலங்களுக்கும் நடுவிலிருந்து என் சிப்பை எடுத்து, ரசச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எப்ப எடுத்த?"

"மாட்டுன மூணாம் நாளு. அந்த வெளக்கு கண்ணக் குத்திக்கிட்டே இருந்துச்சு."

நான் இரண்டரை வாரமாகப் பறந்துகொண்டிருந்தேன். "அலமாக், மச்சான்!" என்று தொடங்கிய அவனுக்குப் புரையேறி, தலையில் தட்ட வேண்டியதாயிற்று. நான் கொஞ்சம் பலமாகவே தட்டினேன்.

புத்தியுள்ளவன் அதோடு நிறுத்தியிருப்பான். சிப்பை நம்புகிறவன் முட்டாள், ஆகவே டியூனர்தான் சரி என்பதே எனக்குக் கிடைத்த ஞானம். மறுநாளே லாயாங் லாயாங்கில் ஒரு பட்டறைக்குப் போய்க் கருவியை வாங்கினேன். பட்டறைக்காரரே மாட்டி எழுதிக் கொடுத்தார்.

"அண்ணே, இனிமே வெல கூடுன தொண்ணூத்தேழு பெட்ரோல்தான் ஊத்தணும். பச்சக் கொழாய். மஞ்சக் கொழாய்ல வர்ற தொண்ணூத்தஞ்சு ஊத்துனீங்கன்னா இன்ஜின் தட்டும், காடி இழுக்காது" என்றார். நானும் பெரிய விஷயம் தெரிந்தவன்போல் தலையாட்டினேன். கார் நிஜமாகவே பறந்தது, இந்தத் தடவை பொய் இல்லை. முதல் வேகத்தடையில் என் தலை கூரையில் இடித்தது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

நேர்காணல் நாளன்று ஏழு மணிக்குக் கிளம்பினோம். மகள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் சான்றிதழ்க் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினேன். இந்த நாட்டில் குடிமகனாகப் பிறந்ததற்கு அரசாங்கம் கையில் தரும் ஒரே சலுகை அந்த மஞ்சள் குழாயின் மலிவு விலைப் பெட்ரோல். அடையாள அட்டையைச் செருகினேன், கை பழகிய இடத்துக்குப் போனது, தொட்டி நிரம்பியது. மூடியைத் திருகும்போதுதான் பட்டறைக்காரரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தடவைதானே, என்ன ஆகிவிடப்போகிறது என்று ஏறி உட்கார்ந்தேன்.

நெடுஞ்சாலையில் முதல் ஏற்றத்திலேயே தகர டின்னில் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம். இரண்டாவது ஏற்றத்தில் மஞ்சளாக இன்ஜின் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தும் வேகம் அறுபதைத் தாண்டவில்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே என்னை முந்திப் போனது.

வைத்தியம் எனக்குத் தெரியும். கருவி டாஷ்போர்டுக்குள்தான் இருந்தது. ஓரம் கட்டி, பழையபடி எழுதினால் தீர்ந்தது. ஆனால் நிறுத்தினால் மகளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அவள் அம்மாவிடம் சொல்வாள், அம்மா தம்பியிடம் சொல்வாள். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டே அரை மணி நேரம் உருட்டினேன்.

"ஏம்பா இவ்ளோ மெதுவா போறீங்க?"

"டிராஃபிக் ஜேம்மா."

"ரோடு காலியா இருக்குப்பா."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஓரத்தில் நிறுத்தச் சொல்லி, கருவியை எடுத்துச் செருகி, திரையில் வந்ததை நிதானமாகப் படித்து, 'ஒரிஜினல்' என்று இருந்ததை அழுத்தினாள். எழுதி முடியும்வரை இன்ஜினைப் போடக் கூடாது, ஏர்கோனும் கூடாது. பத்து நிமிடத்துக்கும் மேல் ஆனது. வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை ஆகிவிட்டது. அவள் பெயரைக் கூப்பிட்டுத் தாண்டிப் போயிருந்தார்கள். கெஞ்சியதில், எல்லாரும் முடிந்த பிறகு பார்க்கலாம் என்றார்களாம். நான் கார் நிறுத்துமிடத்தில் வெயிலில் மத்தியானம்வரை இருந்தேன். என்மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அவள் வந்து கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா கேட்டாங்க?"

"ஏன் லேட்டுன்னு கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேன். காடி வேகமா போகணும்னு எங்கப்பா ஒண்ணு மாட்டுனாரு, அதான் லேட்டுன்னு."

"அதுக்கு?"

"இண்டர்வியூ பண்ணுன மூணு பேரும் சிரிச்சாங்க." சீட்பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "அப்புறம் வேற ஒண்ணும் கேக்கல, போகச் சொல்லிட்டாங்க."

சான்றிதழ்க் கோப்பு ரெங்கம்வரை அவள் மடியிலேயே இருந்தது. கார் மிக நன்றாக ஓடியது.