நல்லவங்க மேடு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ராஜமேரி இதைச் சொல்லும்போது நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். டீயைப் பாதியில் கீழே வைத்துவிட்டு, கதவுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கட்டிய கதைக்கு யாரும் அப்படித் தாழ்ப்பாளைப் பார்க்க மாட்டார்கள்.

1984, சித்திரை மாதம். பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, சித்தேரி மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். ராஜமேரிக்குப் பதினெட்டு வயது. தங்கச்சி தெரசாவுக்குப் பத்து. போலியோவில் தெரசாவின் இடது கால் சூம்பியிருந்தது. இரும்புப் பட்டை வைத்த ஷூ போட்டுக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பாள். அன்றைக்கு வெயிலில் இரும்பு சுடுகிறதென்று அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆட்டுக்குப் பின்னால் போனாள். பொழுது சாயத்தான் திரும்பி வந்தாள்.

நேராக நடந்து வந்தாள்.

இரண்டு காலும் ஒரே பருமன். அம்மா மதலேனம்மாள் வாசலிலேயே முட்டி போட்டு, "மாதாவே!" என்று கதறினாள். ஊரே திரண்டு வந்து பார்த்தது.

ராஜமேரிக்கும் சந்தோஷம்தான். ஆனால் தெரசாவைக் கண்டாலே ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. சட்டிக் களியைத் தின்றும் அவளுக்குப் பசி அடங்கவில்லை. உப்புப் போட்ட குழம்பை மட்டும் துப்பினாள். ஜெபமாலை சொல்லும்போது மற்றவர்கள் வாயைப் பார்த்துப் பார்த்து, ஒரு நொடி தாமதமாக உதட்டை அசைத்தாள். இரும்பு ஷூ கிடந்த மூலைப் பக்கம் போகவே இல்லை.

ஒருநாள் தனியாக இருக்கும்போது அவளே சொன்னாள். குரல் தெரசாவுடையது இல்லை.

"உன் தங்கச்சி அங்க நல்லா ஆடுறா."

அந்த வாரம் மலையிலிருந்து துடைப்பம் விற்க வந்த குள்ளம்மாள், தெரசாவைக் கண்டதும் இறக்கிய சுமையை மறுபடி தலையில் தூக்கிக்கொண்டாள். ராஜமேரி பின்னாலேயே ஓடினாள்.

"அது உங்க புள்ளை இல்லீங்க. நல்லவங்க மாத்திட்டாங்க."

மலைக்காரர்கள் அவர்களை 'நல்லவங்க' என்றுதான் சொல்வார்கள். நல்ல பாம்பு என்கிற மாதிரி. பயத்தில் வைத்த பேர்.

"உச்சி வெயில்ல, ஆடு மேயற பக்கம் இருக்கற அவங்க மேட்டுக்குப் போங்க. ஓரத்துல கொடுவாளைக் குத்தி வச்சிட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. இரும்புன்னா அவங்களுக்கு ஆகாது. அவங்க குடுத்ததைத் தின்னிருந்தா புள்ளை வராது. வந்தா, உங்க வூட்டு வாசப்படி தாண்டற வரைக்கும் திரும்பிப் பாக்காதீங்க. உள்ள மட்டும் காலை வச்சிடாதீங்க."

"வச்சா?"

குள்ளம்மாள் நிற்கவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுது. சுற்றிலும் புல் கருகிக் கிடந்தது. மேட்டின் மேல் மட்டும் வட்டமாகப் பச்சை. ஒரு காக்கா சத்தம் இல்லை. ராஜமேரி கொடுவாளைக் குத்தினாள்.

"தெரசா..."

சலங்... சலங்... மண்ணுக்கு அடியிலிருந்து சலங்கைச் சத்தம்.

வட்டத்துக்குள் காற்று கானல் மாதிரி நெளிந்தது. உள்ளே ஆட்கள் ஆடினார்கள். உயரமானவர்கள். எல்லாரும் அழகு. எல்லாருக்கும் ஒரே முகம். நடுவில் தெரசா. சூம்பிய காலோடு ஆடிக்கொண்டிருந்தாள். குதிகால் கிழிந்து ரத்தம்.

"அக்கா... நிக்க முடியலக்கா..."

"அவங்க குடுத்ததை ஏதாச்சும் தின்னியா?"

"இல்லக்கா. பசிக்குது."

ராஜமேரி கையை நீட்டினாள். ஒரு சாண் எட்டவில்லை. இன்னும் குனிந்தாள். எட்டவில்லை. தெரசா விழப் பார்த்தாள்.

ஒரு காலை உள்ளே வைத்தாள். ஒரே ஒரு கால். கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

சலங்கை நின்றது.

எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

சிரித்தன.

கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். ஒரு கை பின்னால், தங்கச்சியின் கைக்குள். சர்ர்... தொப். சர்ர்... தொப். கால் இழுபடும் சத்தம் கூடவே வந்தது.

"அக்கா, வலிக்குது. ஒரு தடவை திரும்பிப் பாருக்கா."

பார்க்கவில்லை.

பத்து நிமிஷ வழிதான். வீடு வரும்போது இருட்டிக்கொண்டு வந்தது. கதவு சாத்தியிருந்தது.

"அம்மா! தெரசாவைக் கூட்டியாந்துட்டேன். தொறம்மா!"

"யாரு?"

"நான்தாம்மா... ராஜமேரி."

உள்ளே இன்னொரு தாழ்ப்பாள் விழுந்தது.

"ராஜமேரி மத்தியானமே வந்துட்டா. உள்ள களி கிண்டிக்கிட்டு இருக்கா. நீ யாரு?"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு.

ராஜமேரியின் சொந்தச் சிரிப்பு.

திடுக்கிட்டுத் தங்கச்சி பக்கம் திரும்பினாள்...

யாரும் இல்லை. கையில் ஒரு பிடி காய்ந்த புல்.

கதவு கடைசிவரை திறக்கவில்லை. அம்மா ஜெபம் சொல்லி விரட்டினாள். அக்கம்பக்கத்தார் கல்லெடுத்தார்கள். விடியற்காலை பஸ்ஸில் தருமபுரிக்கு வந்தவள், ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் நான் அவளைப் பார்த்தேன்.

1988-இல் ஒரு வேலையாகப் பாப்பிரெட்டிப்பட்டி போனேன். மனசு கேட்காமல் அந்த ஊருக்கும் போனேன். வீட்டைத் தேடிக் கதவைத் தட்டினேன். திறந்தது ராஜமேரி. அதே முகம், அதே உயரம், இடுப்பில் ஒரு குழந்தை. சிரித்துக்கொண்டே நின்றாள். எதிர்வீட்டுக்காரரும் வெளியே வந்து அதே மாதிரி சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரியும்.

ரோட்டுக்கு ஓடி வந்து, மருந்துக்கடை நிழலில் நின்று மூச்சு வாங்கினேன். கடைக்காரர் ஆண்டி, நான் எங்கே போய் வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த ஊருங்களா?" என்றார். "முன்னயெல்லாம் என் யாவாரத்துல பாதி அந்த ஊருதான். ரெண்டு வருசமா காய்ச்சல் தலைவலின்னு அங்கருந்து ஒருத்தரும் வர்றதில்லைங்க. சாவும் விழறதில்லைங்க."