ரெசின் தூள்

எங்கள் வீட்டுப் பின்புறம், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் முழுவதும் நான் ஒரு போர் விமானத்தின் காக்பிட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நிஜ விமானம் இல்லை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரைக்கும்கூட வராத மாடல். மூக்கு நுனியில் வட்டமாகக் காற்று வாங்கும் வாய் இருக்குமே, நம் விமானப் படை வெகுகாலம் ஓட்டிவிட்டு இப்போது ஓய்வு கொடுத்துவிட்டதே, அந்தப் பழைய ரஷ்ய விமானம்.

பெட்டியோடு வந்த விமானி இருக்கை பள்ளிக்கூட பெஞ்சு மாதிரி மொட்டையாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. இந்த மாடல்களுக்கென்றே காக்பிட் பாகங்களை மட்டும் நுணுக்கமாகச் செய்து தனியாக விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து ஒரு செட் வரவழைத்தேன். ரெசின் என்கிற, ஊற்றியதும் கெட்டியாகும் பிசினில் வார்த்த, குட்டித் தொட்டி போன்ற உட்பகுதி. வார்களும் மடிப்புகளும் தெரிகிற இருக்கை. நகம் அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு, அதில் மீட்டர் வட்டங்கள். ரெசின் பாகங்கள் வார்ப்புக் கட்டையோடு ஒட்டியே வரும். ரம்பத்தால் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்துத்தான் பிரிக்க வேண்டும். தூள் பறக்கும். திருநீறு மாதிரி, அவ்வளவு மெல்லிய தூள்.

முகக்கவசம் போட்டுத்தான் ஆரம்பித்தேன். மூச்சுக்காற்றில் மூக்குக்கண்ணாடி மங்கியது. வெயில் வேறு. கொஞ்ச நேரத்தில் கவசம் கழுத்துக்கு இறங்கிவிட்டது.

நான் ஏரியூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு பென்னாகரத்தில். கல்லூரி விடுதியில் அறைத்தோழி ஒருத்தி பாதியில் விட்டுப் போன ஒரு விமானத்தை ஒட்டி முடித்ததில் பிடித்த பைத்தியம், கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. என் கணவர் உரக்கடை வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்த அன்றே என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் யாரு வெளையாடறது?" என்று கேட்டவர். நான்தான் என்றதும் அதன்பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த வாரம் நாள் தள்ளிப்போயிருப்பது உறைத்தது. மருந்துக்கடையில் பரிசோதனை அட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முந்தின வருடமும் இப்படி இரண்டு கோடு வந்து, மூன்றாம் மாதம் ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆகவே சந்தோஷம் வரும்போதே கூடவே பயமும் வந்தது. அதற்கு மேல் நினைவுக்கு வந்தது தூள்.

ரெசின் செட்டின் அட்டையை எடுத்துப் படித்தேன். தூளை சுவாசிக்காதீர்கள், கவசம் அணியுங்கள் என்று சின்ன எழுத்தில் இருந்தது. செல்போனில் தேட ஆரம்பித்தேன். அதுதான் தப்பு. ஒருவர் நுரையீரல் என்றார், ஒருவர் ஒவ்வாமை என்றார். கர்ப்பிணிகள் பக்கத்திலேயே போகக் கூடாது என்றார் இன்னொருவர். ஏன் என்று அவர் சொல்லவில்லை. அதனாலேயே அவர் சொன்னதுதான் மனதில் நின்றது.

கணவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். அவர் கடைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். பூச்சிமருந்து வாடை. வாசலிலேயே சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன். முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. பிறகு தூள் விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தத் தூளு?"

"அந்த விமானத்தோட சீட்டுங்க. ஞாயித்துக்கெழம தேச்சனே."

"அதுல என்னா இருக்குது?"

"தெரியலீங்க. மூக்குக்குள்ள போயிருக்கும். நெறைய போயிருக்கும்."

சட்டை கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என் சட்டைய உள்ள வுட மாட்டன்னு என்ன பாடு படுத்தின. நீ என்னாடான்னா…" என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. டாக்டரம்மாகிட்ட கேக்கலாம்." சாப்பிடும் முன்பே அந்தப் பெட்டியைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார்.

தருமபுரிக்கு அவருடைய பைக்கில் போக நான் ஒப்புக்கொள்ளவில்லை. இண்டூர் தாண்டிச் சாலையில் குழிகள். பேருந்தில் முன்சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து போனோம். அறுத்தெடுத்த வார்ப்புக் கட்டையை ஒரு கவரில் போட்டுக் கைப்பையில் வைத்திருந்தேன். மருத்துவர் ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. கவரை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னம்மா, சோப்பா?"

விளக்கினேன். போர் விமானம் என்றதும் அவருக்குக் குழப்பம் கூடியது. என் கணவர், "பொம்மைங்க டாக்டர். சின்னது" என்று கையால் அளவு காட்டினார்.

"எத்தன நாளு தேச்சீங்க?"

"ஒரு நாளுங்க."

"அப்பறம் இருமல், மூச்சுத் திணறல், ஒடம்புல தடிப்பு?"

"இல்லீங்க."

கட்டையைத் திருப்பித் தந்தார். "எங்கிட்ட இதக் கொண்டாந்து காட்டின மொத ஆளு நீங்கதான். ஒரு நாளுல பெருசா ஒண்ணும் ஆயிருக்காதுன்னுதான் நெனைக்கறேன். ஆனா அடிச்சுச் சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. இனிமே தொடாதீங்க. மாத்திரை போடுங்க. துடிப்பு பாக்க வரும்போது பாத்துக்கலாம்."

நேர்மையாகச் சொன்னார். ஆனால் 'அடிச்சுச் சொல்ல முடியாது' என்ற மூன்று வார்த்தைதான் பேருந்தில் என்னோடு திரும்பி வந்தது.

துடிப்பு பார்க்கும் நாள்வரை பொழுதை ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது. பள்ளியில் பாடம் எடுக்கும்போது சரியாக இருப்பேன். சாக்பீஸ் தூள் பறந்தால் மட்டும் பின்னால் நகர்ந்துகொள்வேன். வீட்டுக்கு வந்ததும் செல்போன். சோறு ஆறிப்போகும். பின்வாசலைத் தினம் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். என் மாமியார், "நேத்துதான கழுவுன? எதுக்குக் கண்ணு திரும்பத் திரும்ப?" என்றார். அவரிடம் தூளைப் பற்றிச் சொல்லவில்லை. குழந்தை தங்கினால் தீர்த்தமலைக்கு வந்து தீர்த்தமாடுவதாக அவர் ஏற்கெனவே வேண்டிக்கொண்டு, அந்தக் கவலையிலேயே பாதியாகியிருந்தார்.

ஒரு சனிக்கிழமை கணவர் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தார். பரண்மேல் ஏறிப் பெட்டியை இறக்கினார்.

"எதுக்குங்க அத எடுக்கறீங்க?"

"நீ அந்த போன கீழ வையி. மிச்சம் என்னா வேல இருக்குதுன்னு சொல்லு. நான் தேய்க்கறன்."

"ஒண்ணும் வேணாம். தூக்கிப் போட்டுருங்க."

"தூக்கிப் போட்டா மட்டும் நீ நெனைக்காம இருப்பியா? ஜன்னலச் சாத்திகிட்டு உள்ள உக்காரு. போன்ல சொல்லு. அதுக்காச்சும் அந்த போன் ஒதவட்டும்."

மருந்தடிக்கும் விவசாயிகளுக்கு அவர் விற்கிற கனமான கவசத்தையும் கையுறையையும் தானே மாட்டிக்கொண்டார். ஒரு பக்கெட் தண்ணீரை வைத்துக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்தார். தண்ணீரில் முக்கித் தேய்த்தால் தூள் பறக்காது என்று சொல்லியிருந்தேன். நான் சமையலறையில் கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு, கண்ணாடி வழியாகப் பார்த்தபடி போனில் பேசினேன். கவசத்துக்குள்ளிருந்து அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

பிரச்சினை இதுதான். விமானத்தின் உடல் இரண்டு பாதிகளாக வரும். நடுவில் காக்பிட் தொட்டியை வைத்துப் பாதிகளை மூட வேண்டும். தனியாக வாங்கிய தொட்டி கொஞ்சம் அகலம் கூடுதல். வைத்து மூடினால் முதுகுப் பக்கம் ஓர் அரிசி நுழையும் அளவுக்கு இடைவெளி நின்றது. தொட்டியை ஓரளவுக்குத்தான் தேய்க்கலாம், பக்கவாட்டில் உள்ள பட்டன்களும் நெம்புகோல்களும் போய்விடும். ஆகவே உடல் பாதிகளின் உட்புறச் சுவரையும் மெலிதாக்க வேண்டும்.

"இன்னுங் கொஞ்சம் தேய்ங்க. ஒரே எடத்துல தேய்க்காதீங்க, பரவலா."

"பரவலாத்தான் தேய்க்கறன்."

"வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

"இரு, இன்னும் தடியாத்தான் இருக்குது."

என் மாமியார் துணி எடுக்க வந்தவர், கவசமும் கையுறையுமாக மகனைப் பார்த்துத் திகைத்து நின்றார். "என்னாடா இது, வூட்டுக்குள்ள மருந்து கலக்கறியா?"

அவர் தலையைத் திருப்பிப் பதில் சொன்ன அந்த நேரத்தில் கை அழுத்திவிட்டது. எழுந்து ஜன்னலுக்கு வந்து, இடதுபக்கப் பாதியைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினார். விமானி தோள் வைக்கும் இடத்துக்குக் கீழே ஒரு ஓட்டை. அதன் வழியாக வெயில் தெரிந்தது.

எனக்கு வந்த கோபம் எனக்கே புதிதாக இருந்தது. "நான் சொன்னனே! வெளிச்சத்துல பாருங்கன்னு சொன்னனா இல்லயா?" என்று போனை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகவே கத்தினேன். என் மாமியார் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். கணவர் கவசத்தை இறக்கிவிட்டு, "அடைச்சுரலாம், அடைச்சுரலாம்" என்றார். குழாய் ஒழுகினால் அடைக்கிற எபாக்சி மாவு கடையில் இருக்கிறதாம். அன்று மாலை வரைக்கும் நான் வயிற்றை நினைக்கவில்லை என்பது ராத்திரி படுத்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் மறுபடி நினைத்தேன்.

துடிப்பு ஸ்கேனுக்குப் போனோம். அறைக்குள் என்னை மட்டும் விட்டார்கள். திரையைப் பார்க்கத் தைரியமில்லாமல் கூரையின் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "துடிப்பு நல்லா இருக்குது, பாருங்க" என்று ஸ்கேன் எடுத்த அம்மா சொன்ன பிறகுதான் தலையைத் திருப்பினேன். அரிசி நொய் போல ஒன்று, விட்டு விட்டு மின்னியது. வெளியே வந்து கணவரிடம் சொல்ல வாய் வரவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். அவர் நான் 'இல்லை' என்று ஆட்டியதாக நினைத்து அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "இருக்குதுங்க, இருக்குதுங்க" என்று அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டியிருந்தது.

அதோடு பயம் போய்விடவில்லை. மூன்றாம் மாதம் தாண்டியது. பிறகு, ஐந்தாம் மாத ஸ்கேனில்தானே கை, கால், இதயம் எல்லாம் பார்ப்பார்கள் என்று பயம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டது. ஞாயிறுதோறும் கணவர் துவைகல்லில், நான் ஜன்னலுக்குள்ளே. ஓட்டை அடைபட்டது. தொட்டி ஒருவழியாக உள்ளே இறங்கியது. ரெசினுக்கு மாடல் பசை பிடிக்காது, சூப்பர் பசைதான். அது கண்மூடித் திறப்பதற்குள் பிடித்துவிடும். அவர் விரல்கள் உரமூட்டை தூக்கிப் பழகியவை. தொட்டி துளி இடதுபக்கம் சாய்ந்து பிடித்துக்கொண்டது. மாற்ற வழியில்லை.

ஐந்தாம் மாத ஸ்கேன் எடுத்தவர் வேறு டாக்டர். கருவியை ஓரிடத்தில் வைத்து அழுத்தினார், எடுத்தார், மறுபடி அங்கேயே அழுத்தினார்.

"என்னங்க டாக்டர்?"

"இதயம் சரியாத் தெரியல."

அவர் அடுத்த வாக்கியம் சொல்வதற்குள் நான் எங்கெங்கோ போய்விட்டேன். அந்த வெயில், கழுத்தில் தொங்கிய கவசம், புடவையில் படிந்த தூள் எல்லாம் கண்முன் நின்றது.

"கொழந்த குப்புறப் படுத்திருக்குது. வெளிய போயி நடங்க. ஏதாச்சும் இனிப்பா குடிங்க. திரும்பினா தெரியும்."

வெளியே கணவர் பெரிய டம்ளரில் சாத்துக்குடி ஜூஸ் வாங்கி வந்தார். அந்தத் தெருவில் மேலும் கீழும் நடந்தோம். அவர் கையைப் பிடித்திருந்தேன், தெருவில் நாங்கள் அப்படிப் போனதில்லை. "திரும்பிருச்சா?" என்று அவர் என்னிடமே கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கெப்படிங்க தெரியும்?" என்றேன். மறுபடி உள்ளே போய்ப் படுத்தேன். இந்தத் தடவை டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். "நாலு அறையும் இருக்குது. நல்லா இருக்குது" என்றார். நான் அழுததைப் பார்த்து, துடைக்கப் பஞ்சு நீட்டினார்.

அதற்குப் பிறகு என் மருத்துவரைக் கேட்டு, தண்ணீரில் கரையும் பெயிண்டால், ஜன்னல் திறந்து வைத்து, காக்பிட் உள்ளே நானே தூரிகையால் வண்ணம் பூசினேன். அந்த ரஷ்ய விமானங்களின் உட்புறம் மயில்கழுத்து நீலத்தில் இருக்கும். மீட்டர் தகட்டை வைத்தேன், இருக்கையை வைத்தேன். இரண்டு பாதிகளையும் சேர்த்து அவர் பிடித்துக்கொள்ள, நான் அவருடைய கனமான கவசத்தை மாட்டிக்கொண்டு பசை ஓடவிட்டேன். "வுடாதீங்க, வுடாதீங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்ததில் அவர் கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தார். இடைவெளி இல்லாமல் மூடியது.

பெண் குழந்தை. எடை சரியாக இருந்தது. பிறந்ததும் நன்றாக அழுதது. வெளியே காத்திருந்த என் மாமியாருக்கே அது கேட்டிருக்கிறது. தீர்த்தமலைக்கும் போய் வந்தோம். விமானம் இன்னும் வெளிப்பூச்சு இல்லாமல், அடைத்த இடம் வெள்ளைத் தழும்பாகத் தெரிய, பீரோ மேல் நிற்கிறது.

போன மழைக்காலத்தில் மகளுக்கு முதல்முதலாக இருமல் வந்தது. நான் அவள் நெஞ்சில் காதை வைத்து வைத்துக் கேட்டேன். கணவர் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடி வந்தார். பென்னாகரத்திலேயே குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் சாதாரணச் சளிதான் என்று சொல்லி, இன்னும் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கணவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றுமில்லை என்று சொல்லி, மகளைத் தூக்கிக்கொண்டேன்.