காபந்து என்று நான் சொன்னது

பர்மாவில் ராணுவத் தளபதி முதல் தடவை ஆட்சிக்கு வந்தபோது தென்னூரில் அதை மெச்சிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். எனக்குக் காலேஜில் முதல் வருஷம். உலக அரசியல் அத்துப்படி என்று நினைப்பு. அக்காவுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது; அத்தானுக்கு ரங்கூனில் ஜவுளிக்கடை. துப்பாக்கிக்காரன் கையில் நாடு போய்விட்டதே என்று அவள் அழுதாள். நான் பேப்பரை விரித்துக் காட்டினேன்.

“காபந்து சர்க்கார்னு போட்டிருக்கான் பாருக்கா. பத்திரமா வச்சிருந்து திருப்பிக் குடுக்கிறது. உன் நகையை அம்மா காபந்து பண்ணி வைக்கலையா, அந்த மாதிரி.”

அப்படியே நடந்தது. தளபதி தேர்தல் வைத்தார், ஆட்சியைக் கொடுத்துவிட்டு விலகினார். வீட்டில் என் மதிப்பு ஏறிவிட்டது. அக்காவும் ரங்கூனுக்குக் கப்பல் ஏறினாள்.

தளபதி இரண்டாம் தடவை ஆட்சிக்கு வந்தபோது அக்கா பிரசவத்துக்காக எங்கள் வீட்டில் இருந்தாள். மடியில் கைக்குழந்தை. அத்தானிடமிருந்து கடிதம் வந்தது. கடையை வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார், விற்றுவிட்டு ஊருக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார். அக்கா அதை அப்பாவிடம் கொண்டுபோகவில்லை. என்னிடம் வந்தாள்.

“என்ன எழுதட்டும் தம்பி?”

இந்தத் தடவை எந்தப் பேப்பரிலும் அந்தச் சொல் இல்லை. அரசியல் சட்டம் ரத்து, பிரதமர் காவலில் என்றுதான் இருந்தது. எல்லாவற்றையும் படித்தேன். படித்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இதுவும் காபந்துதான்க்கா. ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கச் சொல்லு. கடையை விக்க வேணாம்.”

அவள் அப்படியே எழுதினாள். தபால் பெட்டியில் போட்டதும் நான்தான்.

பிறகு அங்கே கடைகளையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அத்தான் கடைக்கும் சிப்பாய்கள் வந்து சீல் வைத்தார்கள். கடிதங்கள் குறைந்து, நின்றே போயின. ஊர் திரும்புகிறவர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். ரங்கூனில் அத்தானுக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஸ்ரீரங்கத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பதாகத் தெரிந்ததும் நானும் அக்காவும் பஸ் ஏறிப் போனோம். கட்டிய வேட்டியோடு வந்திருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“கப்பலுக்குப் பேர் குடுத்துட்டுக் காத்துக்கிட்டு இருந்தாரும்மா. காய்ச்சல் வந்துச்சு. மருந்துக்கு அலைஞ்சோம், கிடைக்கல. நாங்க நாலு பேர்தான் கூட இருந்து எல்லாக் காரியமும் செஞ்சோம்.”

காவிரிப் பாலம் முழுக்க அக்கா முந்தானையை வாயில் அடக்கிக்கொண்டு அழுதாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாலு அறை விட்டிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்காரவே எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஜூன் மாதம், மகனைக் கையில் பிடித்துக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

“இவனை எந்த ஸ்கூல்ல சேர்க்கலாம் தம்பி? நீ சொன்னா சரியா இருக்கும்.”

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகவே கேட்டாள். அப்பாவைக் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.